சாம்பலை அள்ளுவது யார்?: பழைய பெல்லட் அடுப்பு ஒன்றை முன்வைத்து

1899இல் பாஸ்டன் நகரத்தின் இல்லப் பராமரிப்புப் பள்ளியில் ஒரு சோதனை நடந்தது. நிலக்கரி அடுப்பு ஒன்றை ஆறு நாள் எரித்தார்கள். அதற்காகச் செய்த ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தார்கள். சாம்பல் சலிக்க 20 நிமிடம். தீ மூட்ட 24 நிமிடம். மூட்டிய தீயைப் பார்த்துக்கொள்ள 1 மணி 48 நிமிடம். சாம்பலைக் கொண்டுபோய்க் கொட்ட 30 நிமிடம். கரி சுமந்து வர 15 நிமிடம். துரு ஏறாமல் இருக்க இரும்பின் மீது கறுப்பு மெருகு பூசித் தேய்க்க 2 மணி 9 நிமிடம். ஆக மொத்தம் 5 மணி 26 நிமிடம். அந்த ஆறு நாளில் அடுப்புக்குள் போன கரி 292 பவுண்டு, கிலோக் கணக்கில் 132. சமைத்த நேரம் இதில் சேரவில்லை. அடுப்பு அடுப்பாக இருப்பதற்கு மட்டும் ஆன நேரம் இது.

சூசன் ஸ்ட்ராஸர் 1982இல் வெளியிட்ட ‘நெவர் டன்’ என்ற நூலில் இந்தக் கணக்கு வருகிறது. அமெரிக்க வீட்டுவேலையின் வரலாறு அது. நான் அதைப் படித்தபோது அயோவா மாநிலத்தில் ஒரு சிற்றூரின் விளிம்பில் குடியிருந்தேன். பழைய பெல்லட் அடுப்பு ஒன்றை வாங்கத் தேடிக்கொண்டிருந்தேன். விற்பனை அறிவிப்புகளில் எத்தனை பி.டி.யூ. வெப்பம் தரும், எத்தனை சதுர அடியைச் சூடாக்கும், எரிபொருளில் எத்தனை சதவீதத்தை வெப்பமாக மாற்றும் என்றெல்லாம் எழுதியிருந்தது. எத்தனை நிமிடம் என்று ஒன்றிலும் இல்லை. யாருடைய நிமிடம் என்பது அதற்கும் அப்பால்.

பெல்லட் அடுப்பு நம் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமில்லாதது என்பதால் இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். அது சமைப்பதற்கானது அல்ல, வீட்டைச் சூடாக்குவதற்கான கணப்படுப்பு. மரத்தூளை அழுத்தி, மாட்டுக்குப் போடும் கம்பெனித் தீவனம்போலச் சின்னச் சின்னக் குச்சிகளாக்கியிருப்பார்கள், அதுதான் பெல்லட். அடுப்பின் மேல்தொட்டியில் மூட்டையைக் கவிழ்த்தால், மோட்டார் ஓட்டும் திருகுத்தண்டு ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக அதை எரிகிண்ணத்துக்குள் தள்ளும். ஒரு காற்றூதி புகையை வெளியே தள்ளி, அந்த இழுப்பிலேயே தீக்குக் காற்றையும் கொண்டுவரும். இன்னொரு காற்றூதி சூட்டை அறைக்குள் பரப்பும். மக்காச்சோள அடுப்பும் ஏறக்குறைய இதேதான். மரக்குச்சிக்குப் பதில் உலர்ந்த சோள மணி. ‘அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு’ என்று கேட்ட ஊரிலிருந்து போனவளுக்கு, ஊதுவதற்கென்றே இரண்டு மோட்டார் வைத்த அடுப்பை முதலில் பார்த்தபோது சிரிப்புத்தான் வந்தது.

ஏன் தேடினோம் என்றால், 2014 ஜனவரி. வடதுருவக் குளிர் அப்படியே கீழே இறங்கி வந்திருந்தது. அமெரிக்க நாட்டுப்புறத்தில் எரிவாயுக் குழாய் போகாத வீடுகள் புரொப்பேன் வாயுவை முற்றத்துத் தொட்டியில் நிரப்பி எரிக்கின்றன. எங்கள் வாடகை வீடும் அப்படித்தான். அந்த மாதம் மத்திய மேற்கு மாநிலங்களில் புரொப்பேன் ஒரு கேலன் 4 டாலரைத் தாண்டியது. அதற்கு ஒரு காரணம் மக்காச்சோளம். 2013 இலையுதிர்கால அறுவடை பெரிது, தாமதமானது, ஈரமானது. அத்தனை சோளத்தையும் உலர்த்த விவசாயிகள் புரொப்பேனை எரித்துத் தீர்த்திருந்தார்கள். என் இணையர் ஒரு இயந்திர நிறுவனத்தில் வேலை பார்த்தார். நான் எச்-4 விசாவில் இருந்தேன், அதாவது வேலைக்குப் போகச் சட்டம் அனுமதிக்காத ‘சார்ந்திருப்பவர்’. பகல் முழுக்க வீட்டில் குளிரோடு இருந்தவள் நான். பெல்லட் அடுப்பு வாங்கலாமா என்ற பேச்சு வந்தபோது நண்பர்கள் எல்லாரும் இயல்பாகச் சொன்ன வாக்கியம்: “அதைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருக்கிறார்களே!”

அந்த ‘ஆள்’ எப்போது உருவானாள் என்று பார்க்கத்தான் நூலகத்துக்குப் போனேன்.

பெஞ்சமின் பிராங்க்ளின் தன் ‘பென்சில்வேனியக் கணப்பு’ பற்றி 1744இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். நூறாண்டுக்கு முன் வாசலில் கிடைத்த விறகு இப்போது சில நகரங்களுக்கு ஏறக்குறைய நூறு மைல் தாண்டி வரவேண்டியிருக்கிறது என்பது அவருடைய கவலை. பெண்களைப் பற்றியும் அதில் சொல்கிறார். அவர்கள் பெரும்பாலும் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். திறந்த கணப்பு இழுக்கும் குளிர்காற்று அவர்கள் மேல் படுகிறது. அதனால் சளி பிடித்து, ஈறு கெட்டு, இளவயதிலேயே பல் போகிறது என்று எழுதியிருக்கிறார். அவர் காப்புரிமை வாங்க மறுத்ததைப் பாடநூல்கள் சொல்லும், பல் விஷயத்தைச் சொல்லா. ஆனால் அந்தக் காலத்துப் பணக்கார வீடுகளில் விடியுமுன் எழுந்து கணப்பு மூட்டியவர்கள் அடிமைகளும் வேலைக்காரப் பெண்களும். பிராங்க்ளின் வீட்டிலேயே பல ஆண்டுகள் அடிமைகள் இருந்தார்கள். உட்கார்ந்திருந்த பெண்களுக்குத்தான் அவர் இரங்கினார். மூட்டியவர்களின் பல்லைப் பற்றி அந்த நூலில் பேச்சில்லை.

இரும்பு அடுப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவியபோது என்ன நடந்தது என்பதை ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய ‘மோர் வர்க் ஃபார் மதர்’ நூலில் ஆராய்கிறார். என்னை உலுக்கிய வாதம் அவருடையது. அதுவரை வீட்டு நெருப்பு இருவருடைய வேலை. மரம் வெட்டுவதும் பிளப்பதும் இழுத்து வருவதும் ஆணுடையவை, சமைப்பது பெண்ணுடையது. இரும்பு அடுப்பு விறகுச் செலவைப் பெருமளவு குறைத்தது. குறைந்தது எந்த வேலை? வெட்டும் வேலை. கரி வந்தபிறகு அதுவும் போய், காசு கொடுத்து வாங்குவது என்றானது. பெண்ணின் பக்கம் ஒன்றும் குறையவில்லை. ஒரே அடுப்பில் ஒரே நேரத்தில் கொதிக்கவும் வேகவும் வாட்டவும் முடிந்ததால் ஒரு பானைச் சாப்பாடு நான்கு பண்டமாக விரிந்தது. கூடவே கறுப்பு மெருகு தேய்ப்பதும் வந்து சேர்ந்தது. வேலையைக் குறைக்கும் கருவி என்று விற்றார்கள். குறைத்தது உண்மைதான். யாருடைய வேலையை என்று கோவன் கேட்கும்வரை வரலாற்றாசிரியர்கள் கேட்கவில்லை.

அந்தக் காலத்தின் பெரிய அடுப்பு ஆலோசகர் ஒரு பெண், காதரின் பீச்சர். தங்கை ஹாரியட் பீச்சர் ஸ்டோவுடன் சேர்ந்து 1869இல் ‘தி அமெரிக்கன் வுமன்ஸ் ஹோம்’ என்ற நூலை வெளியிட்டார். அடுப்புக்கென்று தனி அறை, சமையலறைக்கும் அதற்கும் நடுவே கண்ணாடி வைத்த நகரும் கதவு, மூடிய அடுப்பால் அறைக்காற்று கெடாமலிருக்க வழி என்று ஒரு பொறியாளரின் கறாரோடு எழுதியிருக்கிறார். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. பெண்களுக்குப் பள்ளிகள் நிறுவினார். பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்றும் வாதாடினார். வீட்டை ஒரு தொழிற்சாலைபோல அறிவியலாக்கினால் பெண்ணுக்கு மதிப்பு வரும் என்று அவர் நம்பினார். வேலைக்கு மதிப்பு வந்தது. வேலை பெண்ணிடமே தங்கியது. அவரை எளிதாகத் திட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. புகைபோக்கியின் வரைபடத்தைப் பெண்கள் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று 150 ஆண்டுகளுக்கு முன் எழுதியவர் அவர். பழைய அடுப்பு பார்க்கப் போன இடங்களில் நான் எதிர்கொண்ட ஆண்களில் பலர் இன்னும் அவ்வளவு தூரம் வரவில்லை.

இன்னொரு பெண்ணையும் சொல்லவேண்டும். நியூஜெர்சி மாநிலம் மாரிஸ்டவுனைச் சேர்ந்த ஆலிஸ் பார்க்கர் என்ற கறுப்பினப் பெண் 1919 டிசம்பர் 23இல் ஒரு காப்புரிமை பெற்றார். இயற்கை எரிவாயுவில் இயங்கும் வீட்டுச் சூடேற்றி. பல எரிமுனைகள், தனித்தனிக் கட்டுப்பாடு, அறைக்கு ஒரு சூடு. விறகும் சாம்பலும் இல்லாத வீடு அவருடைய வரைபடத்தில் இருந்தது. அவர் என்று சொல்லிச் சுற்றிவரும் படங்கள்கூட வேறு யாருடையவோ.

பிறகு நிலவறை உலை வந்தது. கரியை மண்வெட்டியால் அள்ளிப் போடுவது பல வீடுகளில் அப்பாவின் அல்லது மகனின் வேலையாக இருந்தது. 1940 கணக்கெடுப்பின்படி அமெரிக்க வீடுகளில் நான்கில் மூன்றுக்கும் மேல் கரியிலும் விறகிலும்தான் சூடாகின. 1970இல் விறகில் சூடாகும் வீடு நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை. எரிவாயுவும் எண்ணெயும் வந்து, சுவரில் ஒரு வட்டக் குமிழைத் திருப்பினால் போதும் என்றானது. நெருப்பு தொடர்பாக ஆணிடம் மிஞ்சியிருந்த கடைசி வேலையும் இதோடு போனது.

1973 அக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை, 1979இல் ஈரான் புரட்சி. எண்ணெய் விலை ஏறியதும் விறகு திரும்பி வந்தது. கூடவே புகையும் வந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1988இல் விறகு அடுப்புகளுக்கு முதல் புகைக் கட்டுப்பாட்டு விதியைப் போட்டது. இதே காலத்தில் வடமேற்கு மாநிலங்களின் மர ஆலைகள் மலைமலையாகக் குவியும் மரத்தூளை என்ன செய்வது என்று விழித்துக்கொண்டிருந்தன; அதுவரை கூம்பு வடிவ உலைகளில் வெறுமனே எரித்து வந்ததைத் தூய காற்றுச் சட்டம் தடுத்துவிட்டது. மாட்டுத் தீவனம் அழுத்தும் ஆலையின் அதே நுட்பத்தில் மரத்தூளை அழுத்தினார்கள். போயிங் விமான நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஜெர்ரி விட்ஃபீல்ட் 1980களின் தொடக்கத்தில் அதை வீட்டில் எரிக்கும் அடுப்பை உருவாக்கினார்.

கழிவை அழுத்தி எரிபொருளாக்குவதைப் புதிய கண்டுபிடிப்பு என்று சொன்னால் நம் பாட்டிகள் சிரிப்பார்கள். விறாட்டி தட்டிய கைகள் அவர்களுடையவை. அமெரிக்கச் சமவெளியில் குடியேறிய பெண்களும் காய்ந்த காட்டெருமைச் சாணத்தை முந்தானையில், அவர்களுக்கு ஏப்ரனில், பொறுக்கி எரித்தவர்கள்தாம். லாரா இங்கல்ஸ் வைல்டர் 1940இல் வெளியிட்ட ‘தி லாங் வின்டர்’ நாவலில், 1880-81 குளிர்காலத்தில் டகோட்டாவில் ரயில் வராமல் கரி தீர்ந்துபோகிறது. காய்ந்த புல்லை முறுக்கி முறுக்கிக் குச்சிகளாக்கி எரிக்கிறார்கள். முறுக்கி முறுக்கி அந்தச் சிறுமியின் உள்ளங்கை கிழிகிறது. (அந்த நிலம் யாரிடமிருந்து பறிக்கப்பட்டது என்பது அந்த நாவல் நேர்மையாகப் பேசாத இன்னொரு கதை.) பெல்லட் ஆலை செய்வது அந்த முறுக்கலைத்தான்.

மக்காச்சோள அடுப்பின் கதை கொஞ்சம் வேறு, அதைப் பழைய அடுப்புச் சந்தையில்தான் சரியாகப் படிக்க முடிந்தது. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் மெக்சிகோ வளைகுடாவின் எரிவாயு உற்பத்தியைச் சிதைத்தது. சூடேற்றும் செலவு எகிறியது. சோளமோ ஒரு புஷல், அதாவது 56 பவுண்டு, 2 டாலர்தான். சோள அடுப்புக்குக் காத்திருப்புப் பட்டியல் போடும் அளவுக்குக் கிராக்கி. 2005, 2007 ஆண்டுகளின் எரிசக்திச் சட்டங்கள் பெட்ரோலில் எத்தனால் கலப்பதைக் கட்டாயமாக்கிக் கூட்டின. 2008 கோடையில் ஒரு புஷல் 7 டாலர், 2012 வறட்சியில் 8 டாலர். அடுப்புகள் களஞ்சியத்துக்குப் போயின. 2014 ஜனவரியில் சோளம் மறுபடி 4 டாலர் சொச்சத்துக்கு இறங்கியிருந்தது. ஒரு கேலன் புரொப்பேனும் ஏறக்குறைய அதே விலை. ஒரு புஷல் சோளத்தில் நான்கு கேலன் புரொப்பேனின் வெப்பம் இருக்கிறது. கணக்குப் போட்டவர்கள் எல்லாரும் களஞ்சியத்தைத் திறந்தார்கள். நானும் அப்படித் திறந்த ஒரு களஞ்சியத்துக்குத்தான் முதலில் போனேன்.

விற்பவர் எழுபது வயதை ஒட்டிய விவசாயி. கேள்வி நான் கேட்டேன், பதில் என் இணையருக்குப் போனது. பி.டி.யூ., பரப்பளவு, மிச்சமாகும் டாலர். ஏழு குளிர்காலம் ஒரு தொந்தரவும் இல்லை என்றார். அவருடைய மனைவி கதவோரம் நின்றிருந்தவர், உள்ளே போய் ஒரு வாளியைக் கொண்டுவந்து என் காலருகே வைத்தார். உள்ளே நீண்ட இடுக்கி, தட்டையான சுரண்டி, பழைய பல்துலக்கி.

“இதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். சோளம் எரிந்தால் அடியில் கண்ணாடி மாதிரி கட்டிக்கொள்ளும். விடிகாலையில் அதை எடுத்துப் போடாவிட்டால் தீ அணைந்துவிடும்.”

“தினமுமா?”

“தினமும். அவர் எழுந்திருக்கும்போது வீடு சூடாக இருக்கும்.”

கணவர் மறுக்கவில்லை. அவருக்கு அது செய்தியாகவே இருந்தது போலத் தோன்றியது. ஏழு குளிர்காலமும் தொந்தரவு இல்லை என்று அவர் சொன்னது பொய்யுமல்ல.

அந்தக் கண்ணாடிக் கட்டிக்குக் காரணம் உண்டு. சோளச் சாம்பல் கீழ்ச்சூட்டிலேயே உருகி, கொல்லன் உலையின் கிட்டம்போல இறுகும். நல்ல பெல்லட்டில் சாம்பல் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவு. சோளத்தில் அதைவிடக் கூடுதல். சோளப் புகை இரும்பை அரிக்கவும் செய்யும். அதனால் பழைய சோள அடுப்பு பார்க்கும்போது முதலில் வெளிப் பெயின்டைப் பார்க்காதீர்கள். டார்ச் அடித்து வெப்பமாற்றிக் குழாய்களையும் புகைவழியையும் பாருங்கள். கோடையில் சாம்பலோடு அப்படியே விட்டிருந்தால் ஈரம் கோத்துத் துரு தின்றிருக்கும். அந்தக் களஞ்சிய அடுப்பில் புகைக்குழாயின் மூட்டு விரல் பட்டதும் உதிர்ந்தது. அடுப்பைத் துடைத்து வைத்திருந்தவர் அந்தப் பெண். களஞ்சியத்தில் அவிழ்த்து எறிந்துவிட்டுப் போனது அவரல்ல.

சோளம் வேண்டாம் என்று முடிவு செய்ததற்கு அரிப்பு மட்டும் காரணம் இல்லை. தானியத்தை எரிப்பது பாவம் என்று என்னால் வாதாட முடியாது; அயோவாவின் மஞ்சள் சோளத்தை நேரடியாகச் சாப்பிடுபவர்கள் மிகக் குறைவு. அது மாட்டுக்கும் பன்றிக்கும் எத்தனாலுக்கும் போகிறது. ஆனாலும் 2007 ஜனவரியில் சோள விலை ஏறி மெக்சிகோ நகரத் தெருக்களில் தோர்த்தியா ரொட்டிக்காக ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். நூற்றாண்டுகளாக அந்த ரொட்டிக்கு அம்மியில் முழங்கால் போட்டுச் சோளம் அரைத்தவர்கள் பெண்கள். இதெல்லாம் தெரிந்தபின் ஒரு கை சோளத்தை அள்ளித் தீயில் போடத் தயக்கமாக இருந்தது. இதைத் தர்க்கம் என்று சொல்லமாட்டேன்.

பெல்லட் அடுப்பில் எதைப் பார்ப்பது? பின்புறத் தகட்டை முதலில் படியுங்கள். எந்த எரிபொருளுக்குச் சோதித்தது, எந்த ஆண்டு, எந்த மாதிரி எண் என்பதெல்லாம் அதில் இருக்கும். 1988 விதியில் ஓர் ஓட்டை இருந்தது. எரிபொருளுக்கு 35 மடங்குக்கு மேல் காற்று போகும் அடுப்புக்கு விலக்கு உண்டு. பல நிறுவனங்கள் வேண்டுமென்றே கூடுதல் காற்றை விட்டு அந்த விலக்கை வாங்கிக்கொண்டன. காற்று கூடினால் சூடு புகைபோக்கி வழியே போகும். 2015இல் வந்த புதிய விதிதான் பெல்லட் அடுப்புகளை முழுதாகக் கட்டுக்குள் கொண்டுவந்தது. அதனால் 1990களின் அடுப்பு மலிவாகக் கிடைத்தால், அந்த மலிவை மூட்டை மூட்டையாகத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். செய்த நிறுவனம் இப்போதும் இருக்கிறதா, உதிரிப் பாகம் கிடைக்குமா என்றும் பாருங்கள்.

எரியாத அடுப்பை வாங்காதீர்கள். குளிர்ந்த நிலையிலிருந்து மூட்டச் சொல்லி, அரை மணியாவது பக்கத்தில் உட்காருங்கள். மூன்று மோட்டார்களின் ஒலியையும் தனித்தனியே கேட்கப் பழகலாம். தையல் மிஷின் சத்தத்தில் கோளாறு கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய காரியமில்லை. திருகுத்தண்டு கிறீச்சிட்டால் தேய்மானம். எரிகிண்ணம் கோணியிருந்தாலோ துளைகள் அகன்றிருந்தாலோ மாற்றவேண்டும். குக்கர் மூடிக்கு இருப்பதுபோல அடுப்புக் கதவுக்கும் கேஸ்கெட் உண்டு, கண்ணாடிநார்க் கயிறு. ஒரு டாலர் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் நோட்டு வழுக்கி வந்துவிடக் கூடாது. தீ ஆரஞ்சு நிறத்தில் சோம்பி ஆடிக் கண்ணாடியில் கரி படிந்தால் காற்று போதவில்லை. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் இதை வீட்டில் வைக்கவே கூடாது.

இவற்றையெல்லாம் எந்தக் கடைக்காரரும் சொல்வார். அவர்கள் சொல்லாதது எடை. ஒரு மூட்டை 40 பவுண்டு, 18 கிலோ. ஒரு அமெரிக்க டன்னுக்கு 50 மூட்டை. ஒரு குளிர்காலத்துக்கு மூன்று டன் என்றால் 150 மூட்டை. ஒவ்வொன்றையும் லாரியிலிருந்து கொட்டகைக்கு, கொட்டகையிலிருந்து வீட்டுக்கு, தரையிலிருந்து இடுப்புயரத் தொட்டிக்குத் தூக்கவேண்டும். நாங்கள் கடைசியில் வாங்கிய அடுப்பு தனியாக வாழ்ந்த ஒரு பெண்ணுடையது. கையேட்டின் ஓரங்களில் ஒவ்வொரு முறை சுத்தம் செய்த தேதியையும் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். கேஸ்கெட்டை மாற்றியது, காற்றூதியின் தாங்கிக்கு எண்ணெய் விட்டது எல்லாம். அடுப்பில் ஒரு குறையும் இல்லை. தோள்மூட்டு அறுவைக்குப் பிறகு அவரால் 18 கிலோ தூக்க முடியவில்லை, அவ்வளவுதான். பாதி பாதியாகக் கோப்பையில் மொண்டு ஊற்றி இரண்டு குளிர்காலம் ஓட்டியிருக்கிறார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் புகார் இல்லை, அடுப்பை விட்டுப் பிரியும் வருத்தம்தான் இருந்தது. 600 டாலர் கொடுத்தோம்.

மாட்டியபின் பாஸ்டன் பள்ளியைப் போல நானும் ஆறு நாள் குறித்தேன். தொட்டி நிரப்ப 25 நிமிடம், எரிகிண்ணம் சுரண்ட 20, கண்ணாடி துடைக்க 12, சாம்பல் அள்ள 15, தரையில் சிந்திய தூள் கூட்ட 18. ஒன்றரை மணி. 1899ஐவிட எவ்வளவோ மேல். மோட்டார்கள் செய்தது அந்த மாற்றத்தை, அதற்கு நன்றி. ஆனால் 90 நிமிடத்தில் 82 என்னுடையவை. தாளை இணையரிடம் காட்டினேன். மூட்டையும் சாம்பலும் அவருடையவை என்றானது. வார இறுதிச் சுத்தம் மாறி மாறி. அடுத்த மாதம் அவரும் தேதி எழுதத் தொடங்கினார், அந்தப் பெண்மணியின் பென்சில் குறிப்புகளுக்குக் கீழே.

2015 மே மாதம் விதி மாறி, நிரந்தரக் குடியுரிமை விண்ணப்பம் ஒரு கட்டத்தைத் தாண்டிய குடும்பங்களின் எச்-4 பெண்களுக்கு வேலை அனுமதி கிடைத்தது. எனக்கும் கிடைத்தது. அந்தக் குளிர்காலத்தில்தான் தொட்டியின் கொள்ளளவு என்ற எண்ணை நான் வேறு விதமாகப் பார்த்தேன். எங்கள் தொட்டி 60 பவுண்டு கொள்ளும். கடுங்குளிரில் அடுப்பு மணிக்கு 3 பவுண்டு தின்னும். 20 மணி நேரம் யாரும் தொடவேண்டாம். களஞ்சியத்தில் பார்த்த சோள அடுப்பில் அதைவிடப் பெரிய தொட்டி இருந்தது. ஆனால் கிட்டத்துக்காக ஒருத்தி ஐந்து மணிக்கு எழுந்தாக வேண்டும். விற்பனை அறிவிப்பில் அந்தத் தொட்டியின் அளவு கொட்டை எழுத்தில் இருந்தது.

மின்சாரம் போனால் பெல்லட் அடுப்பும் நின்றுவிடும், இதை வாங்கும்போதே தெரிந்து வைத்திருக்கவேண்டும். டிசம்பரில் ஒரு நாள் உறைபனி மழையில் மரக்கிளை விழுந்து கம்பி அறுந்தது. நான் நாற்பது மைல் தள்ளி அலுவலகத்தில் இருந்தேன். வீட்டுக்கு முதலில் வந்தவர் இணையர். மின்சாரம் வரும்வரை காத்திருந்து, எரிகிண்ணத்தைச் சுரண்டி, பாதி எரிந்த பெல்லட்டை அள்ளிப் போட்டு, மறுபடி மூட்டியிருந்தார். நான் வந்தபோது மணி ஏழே கால், அறையில் 61 டிகிரி பாரன்ஹீட், வாசலில் சாம்பல் வாளி மூடியோடு இருந்தது.